துனிசியாவில் ஓவர்சியர் அத்தானுடன் பத்து நாள்

2023 நவம்பர் 18, சனி. துனிஸ்

"டான்சானியாவா?" என்று கேட்டாள் அக்கா. இல்லை, துனிசியா என்றேன். "இந்தோனேசியாவா மாமா?" என்றான் அவள் பையன். கடைசியில் அத்தான்தான் பழைய அட்லஸை எடுத்து வந்து, ஆப்பிரிக்காவின் உச்சந்தலையில், இத்தாலிக்குக் கீழே விரலை வைத்தார். "வடக்கே கடல், தெற்கே சஹாரா. மழை எவ்வளவு பெய்யும் மாப்ளே?" அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

அத்தான் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷத்துக்கு மேல் தாமிரபரணிக் கால்வாய்களோடு மல்லுக்கட்டியவர். என்னோடு வர இருந்த நண்பருக்குக் கடைசி நேரத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் அக்கா இவரை ஏற்றிவிட்டாள். தீபாவளி முடிந்த ஆறாம் நாள், முறுக்கு டப்பா, பருப்புப் பொடி டப்பா, குரங்குக் குல்லா சகிதம் துனிஸில் இறங்கினோம். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அத்தான் சுத்த சைவம்.

விமான நிலைய வாசலில் டாக்சிக்காரர் "பதினைந்தாயிரம்" என்றார். அத்தான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். நடந்தே போவோம் என்கிறார். விஷயம் இதுதான்: ஒரு துனிசிய தினாருக்கு 1000 மில்லீம். பேச்சில் தினாரை விட்டுவிட்டு ஆயிரக் கணக்கிலேயே சொல்கிறார்கள். பதினைந்தாயிரம் என்றால் 15 தினார், நம் காசுக்கு 400 ரூபாய் வரும். இது புரிய எங்களுக்குக் கால் மணி நேரமும், டாக்சிக்காரருக்கு ஒரு சிகரெட்டும் ஆனது.

இரவுச் சாப்பாட்டுக்கு சாலட் கேட்டோம். தக்காளி, வெள்ளரி, வெங்காயம், ஆலிவ், எல்லாவற்றின் தலையிலும் சூரை மீன். மீன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினோம். மீனை எடுத்துவிட்டு அதே தட்டைக் கொண்டுவந்தார்கள். இந்த நாட்டில் சூரை என்பது மீன் இல்லை போலிருக்கிறது, நாம் கொத்தமல்லி தூவுகிற மாதிரி அவர்களுக்கு அது. பீட்சாவில் சூரை, பிரிக் என்று மாவில் மடித்துப் பொரிப்பதில் சூரை, முட்டைக்குள்ளும் சூரை. "ப்லா தோன்", அதாவது சூரை இல்லாமல், என்பதுதான் அத்தான் கற்ற முதல் அரபு.

வெளியே வந்தால் ஒரு கடைப் பலகையில் "சப்பாத்தி" என்று எழுதியிருக்கிறது. நிஜமாகவே அதே பெயர்தான். ஓடிப்போய்க் கேட்டோம். தடித்த ரொட்டியை நடுவில் பிளந்து முட்டை, பாலாடைக்கட்டி, ஹரீசா என்கிற மிளகாய் விழுது வைத்துத் தருகிறார்கள். கூடவே சூரை.

நவம்பர் 19, ஞாயிறு. கார்த்தேஜ்

துனிஸிலிருந்து கடலோரமாகவே போகும் சின்ன ரயிலில் ஏறினால் கார்த்தேஜ் ஹானிபல் என்று ஒரு நிலையம். யானைப் படையோடு ரோமை எதிர்த்த கார்த்தேஜ் தளபதி ஹானிபல் பெயரில் ரயில் நிலையம் என்றதும் எனக்குப் பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்து யானைகளெல்லாம் நினைவுக்கு வந்தன. இறங்கினால் மல்லிகைக் கொடி படர்ந்த வெள்ளை பங்களாக்கள். பணக்காரப் புறநகர்.

ஊர் பிறந்த கதை நன்றாக இருக்கும். கி.மு. 814இல் லெபனான் கரையில் இருக்கும் தீர் நகரத்து இளவரசி எலிஸ்ஸா கப்பலில் வந்து, ஒரு மாட்டுத்தோல் மூடும் அளவு நிலம் போதும் என்று கேட்டாளாம். சரி என்றதும் தோலை நூல் நூலாகக் கிழித்து ஒரு குன்றையே சுற்றி வளைத்துவிட்டாளாம். "சர்வேயரை ஏமாத்தின முதல் கேசு" என்றார் அத்தான். கி.மு. 146இல் ரோமர்கள் அந்த நகரத்தைத் தரைமட்டமாக்கினார்கள். அப்புறம் அவர்களே திரும்பி வந்து அதே இடத்தில் தங்கள் நகரத்தைக் கட்டினார்கள். ஆக நான் தேடிப்போன ஹானிபலின் ஊர் பிர்சா குன்றுச் சரிவில் சில தெருச் சுவர்களாக மட்டும் இருக்கிறது. மற்றதெல்லாம் ரோமருடையது. எனக்கு ஏமாற்றம்தான்.

அத்தானுக்கு இல்லை. கடலை ஒட்டி அந்தோனைன் குளியல் மண்டபம். 2ஆம் நூற்றாண்டில் கட்டியது, ரோமர்கள் ஆப்பிரிக்காவில் கட்டியதிலேயே பெரியது. நாம் பார்ப்பது அதன் நிலவறையை மட்டும். குளித்த மாடி முழுக்கப் போய்விட்டது. 15 மீட்டர் உயரத்தில் ஒரே ஒரு தூணைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள், மேலே என்ன இருந்தது என்று ஊகித்துக்கொள்ள. அத்தான் தூணைப் பார்க்கவில்லை. "கடல் தண்ணியில குளிச்சிருக்க மாட்டான். நல்ல தண்ணி எங்கேருந்து வந்தது?" தெற்கே சகுவான் மலையிலிருந்து. கிளைகளோடு சேர்த்து 132 கிலோமீட்டர் கால்வாய். சொன்னதும் அவர் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தவர் சும்மா இருக்காமல் செல்பேசியில் படம் எடுத்தார். அந்தப் பக்கம் ஜனாதிபதி மாளிகை. காவலர் ஒருவர் வந்து முதலில் கை கொடுத்தார், இந்தியாவா என்று கேட்டார், அமிதாப் பச்சன் நலமா என்று விசாரித்தார், அதற்கப்புறம்தான் படத்தை அழிக்கச் சொன்னார். அழித்ததும் "யஐஷெக்" என்றார். நன்றி என்று பொருள். நேராகச் சொன்னால் "நல்லா இருங்க".

ராத்திரி ஓட்டலில் குழாயைத் திறந்தால் காற்று வருகிறது. பல வருஷ வறட்சி, அணைகள் அடிமட்டத்தில். 2023 மார்ச் கடைசியில் இரவு 9 மணி முதல் அதிகாலை 4 வரை குழாய்த் தண்ணீரை நிறுத்த உத்தரவு போட்டிருக்கிறார்கள். ஓட்டலின் மேல்தொட்டியும் காலி. வரவேற்பறைப் பையன் இரண்டு பெரிய பாட்டில்களைக் கொண்டுவந்து கொடுத்து மூன்று முறை மன்னிப்புக் கேட்டான். பகலெல்லாம் பேரரசர்களின் குளியலறையைப் பார்த்துவிட்டு, அரை வாளியில் கை கால் கழுவிப் படுத்தோம்.

நவம்பர் 20, திங்கள். துக்கா

பார்தோ அருங்காட்சியகம் திங்கட்கிழமை விடுமுறை. உலகத்திலேயே சிறந்த ரோம மொசைக்குகள் இருக்கிற இடம், இரண்டு வருஷம் மூடிக்கிடந்து செப்டம்பரில்தான் மறுபடி திறந்தது. நாங்கள் சரியாகத் திங்கட்கிழமை போய் வாசலில் நின்றோம். நாள் பார்க்காதது என் தப்பு. ஊருக்குத் திரும்பும் நாளும் திங்கள்தான் என்பதை அப்போதும் நான் பார்க்கவில்லை.

சரி, வந்தது வந்தோம் என்று லூவாஜ் நிலையத்துக்குப் போனோம். லூவாஜ் என்றால் எட்டுப் பேர் போகும் பங்கு வேன். எட்டாவது ஆள் வந்தால்தான் கிளம்பும், அதற்கு நேரம் கிடையாது. ஏழு பேர் நாற்பது நிமிஷம் எட்டாமவருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஒரு சேவலோடு வந்தார். துக்காவுக்குப் பக்கத்து ஊரான தெபூர்சுக் வரை அந்தச் சேவல் அத்தான் மடிப்பக்கம்.

துக்காவைப் பற்றி நான் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பார்த்ததில் அதுதான் உசத்தி. ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே ஒரு மலைச்சரிவு முழுக்க ஒரு ஊர்: தெரு, கோவில், சந்தை, 3500 பேர் உட்காரும் அரங்கம். 168-169இல் உள்ளூர்ச் செல்வந்தர் ஒருவர் சொந்தக் காசில் கட்டிக்கொடுத்தது. மொத்த இடத்திலும் எங்களைத் தவிர ஆறு பேரும், கொஞ்சம் ஆடுகளும். பொதுக் கழிப்பறை ஒன்று, குதிரை லாட வடிவில் பன்னிரண்டு துளைகள், ஒருவரையொருவர் பார்த்தபடி. அத்தான் அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். அக்காவுக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

சரிவின் கீழே 21 மீட்டர் உயரத்தில் ஒரு கல்லறைக் கோபுரம். ரோமருக்கு முந்தியது, இந்த மண்ணின் நுமிதியர்கள் எழுப்பியது. இதில் கார்த்தேஜ்காரர்களின் பியூனிக் எழுத்திலும் பழைய லிபிய எழுத்திலுமாக ஒரே செய்தியைப் பொறித்த கல்வெட்டு இருந்தது. யாராலும் படிக்க முடியாமல் கிடந்த லிபிய எழுத்தைப் படிக்க அதுதான் சாவி. 1842இல் பிரிட்டிஷ் தூதர் தாமஸ் ரீட் அந்தக் கல்லை எடுக்கக் கோபுரத்தையே இடித்தார். கல் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனது. சிதறிக் கிடந்த மிச்சத்தை 1908-10இல் திரும்ப அடுக்கினார்கள். ஒரு ஊரின் எழுத்தைப் படிக்கத் தந்த கல்லே அந்த ஊரில் இல்லை. இதை நினைத்து எனக்கு வந்த கோபம் மாலை வரை இறங்கவில்லை.

துனிஸ் திரும்பியதும் கோபம் வேறு பக்கம் திரும்பியது. பழைய ஊரில் ஒருவர், "என்னைத் தெரியவில்லையா? உங்கள் ஓட்டலில்தான் வேலை செய்கிறேன்" என்று கையைப் பிடித்தார். இன்றைக்குக் கம்பளத் திருவிழாவின் கடைசி நாளாம், மொட்டை மாடியிலிருந்து மசூதி தெரியுமாம். மாடியிலிருந்து மசூதி நன்றாகவே தெரிந்தது. இறங்கும் வழி கம்பளக் கடை வழியாக மட்டும். ஒரு மணி நேரம், மூன்று கப் தேநீர், வாசனைத் தைலம் ஒரு குப்பி 40 தினார். எங்கள் ஓட்டலின் பெயர் அவருக்குத் தெரியவே தெரியாது என்பது படுக்கும்போதுதான் உறைத்தது.

நவம்பர் 21, செவ்வாய். கைரவான்

இன்று முதல் கார். நாளுக்கு 250 தினார், பெட்ரோலோடு. ஓட்டுநர் முப்பது வயதுப் பையன், தெற்கத்திக்காரன், பிரெஞ்சும் கொஞ்சம் ஆங்கிலமும் பேசுவான். அத்தான் எடுத்த எடுப்பில் "தம்பி" என்று கூப்பிட்டார். அவன் திரும்பிப் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து அவன் பெயர் தம்பி.

நெடுஞ்சாலையை விட்டுப் பழைய சாலையில் போகச் சொன்னார் அத்தான். சகுவான் கால்வாயைப் பார்த்தாக வேண்டும். துனிஸைத் தாண்டியதும் வந்தது. வயல்வெளியில் வரிசை வரிசையாகக் கல் வளைவுகள், உடைந்தும் உடையாமலும், அடிவானம் வரைக்கும். உச்சியில் தண்ணீர் ஓடிய தொட்டி. அத்தான் ஒவ்வொரு தூணாகத் தொட்டுப் பார்த்தார். "பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது. வாட்டம் ஒண்ணுதான் மாப்ளே. வாட்டம் ஒரு விரக்கடை தப்பினா தண்ணி நின்னுரும்." அரை மணி நேரம் அங்கே. எனக்குப் பசி.

கைரவான் 670இல் உக்பா இப்னு நாஃபி அமைத்த படைவீடு, வடஆப்பிரிக்காவில் இஸ்லாம் வேரூன்றிய ஊர். பெரிய மசூதியின் தொழுகைக் கூடத்துக்குள் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதியில்லை. கதவருகே நின்று பார்க்கலாம். உள்ளே தூண்கள் காடு மாதிரி நிற்கின்றன, ரோமர் கட்டடங்களிலிருந்து பெயர்த்து வந்தவை, ஒன்றுக்கொன்று பொருந்தாத தலைகளோடு. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் அத்தான் முற்றத்து நடுவில் குப்புறப் படுக்காத குறையாகக் குனிந்திருக்கிறார்.

காவலர் ஓடி வருவாரோ என்று பயந்தேன். வந்தவர் அவருக்குப் பக்கத்திலேயே குனிந்து விளக்க ஆரம்பித்துவிட்டார். முற்றத்துத் தளம் முழுவதும் நடுப்பக்கமாக லேசாகச் சரிகிறது. நடுவில் ஒரு பளிங்குத் தொட்டி, விளிம்பில் படிப்படியாக வெட்டிய வளைவுகள். மழைத்தண்ணீர் அந்த வளைவுகளில் தயங்கித் தூசியைப் படியவிட்டுத் தெளிந்து நிலத்தடித் தொட்டிக்குள் இறங்கும். பக்கத்துக் கிணற்று வாய்க்கல்லில் கயிறு இழுத்து இழுத்து விரல் ஆழத்துக்குத் தடம். "தொழுகைக்கு முன்னால கை கால் கழுவத் தண்ணி. முற்றம் முழுக்க மழைநீர் சேகரிப்பு! நம்ம ஊர்ல 2003ல சட்டம் போட்டு அலைஞ்சோம்" என்றார். ஊருக்கு வெளியே 9ஆம் நூற்றாண்டில் அக்லபித் அரசர்கள் வெட்டிய தெப்பங்கள், பெரியது 128 மீட்டர் அகலம். வட்டத் தெப்பக்குளம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் வண்டல் படிய ஒரு குட்டிக்குளம். பீர் பரூத்தா என்ற கிணறு ஒரு வீட்டின் மாடியில். ஒட்டகம் ஒன்று சின்ன அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்து நீர் இறைக்கிறது. பார்க்க எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை, ஒரு தினார் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

கைரவான் மக்ரூத் வாங்காமல் யாரும் வருவதில்லை. ரவை மாவுக்குள் பேரீச்சை விழுதை வைத்துப் பொரித்துப் பாகில் போடுவது. கடைக்காரருக்கு அத்தான் ஒரு முறுக்கு நீட்டினார். அவர் கடித்துப் பார்த்து, கல்லாவை விட்டு எழுந்து உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டி வந்து அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தார். மக்ரூத்துக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

நவம்பர் 22, புதன். எல் ஜெம், அப்புறம் சாலை

எல் ஜெம் அரங்கம் பெரியது. ஒரு சின்ன ஊரின் நடுவில் திடீரென்று 148 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்வட்டம். 238 வாக்கில் கட்டியது, 35,000 பேர் உட்காரலாம் என்கிறார்கள். அத்தனை காசும் ஆலிவ் எண்ணெயில் வந்தது. நுழைவு 12 தினார். ஏறினோம், இறங்கினோம், மிருகங்களை அடைத்து வைத்த பாதாள அறைகளைப் பார்த்தோம். வெளியே ஒரு காபி ஒன்றரை தினார். அவ்வளவுதான். மனிதனை மிருகத்திடம் விட்டு வேடிக்கை பார்த்த இடத்தில் எனக்கு எழுத அதிகம் இல்லை.

மிச்ச நாள் முழுக்கக் கார். ஆலிவ் மரம், ஆலிவ் மரம், முள்செடி, அப்புறம் ஒன்றுமில்லை. கஃப்சா தாண்டும்போது இருட்டிவிட்டது. தம்பி கொறிக்க வறுத்த சூரியகாந்தி விதை தந்தான். காருக்குள் நான்கு மணி நேரம் தொலி துப்பும் சத்தம்தான்.

நவம்பர் 23, வியாழன். தோசர்

"பேர்ல தோசை இருக்கு, ஊர்ல இல்லை" என்று எழுந்தார் அத்தான். காலை வெயில் இதமாக, நிழலில் குளிர். பழைய தெருக்களில் வெளிறிய செங்கல்லை முன்னும் பின்னும் தள்ளி அடுக்கிச் சுவரிலேயே கோலம் போட்டிருக்கிறார்கள். அந்தப் புடைப்புகள் ஒன்றின்மேல் ஒன்று நிழல் விழச் செய்வதால் சுவர் சூடேறுவது குறையும் என்றான் தம்பி.

ஆனால் ஊர் என்றால் தோப்புதான். சோலைவனம் என்றதும் நான் நினைத்திருந்தது ஒரு குட்டை, நான்கு மரம், ஒரு ஒட்டகம். இங்கே பேரீச்சை மரங்கள் லட்சக்கணக்கில், ஆயிரம் ஹெக்டேருக்குக் குறையாமல். மேலே பேரீச்சை, அதன் நிழலில் மாதுளை, அத்தி, வாதுமை, அந்த நிழலில் கீரையும் வெங்காயமும். மூன்று அடுக்கு. வெளியே கண் கூசுகிறது, உள்ளே நுழைந்தால் ஈர மண் வாசனை.

அறுவடைக் காலம். வெறுங்காலோடு மரமேறி ஒருவர் குலையை வெட்ட, மரத்தின் மேலேயே ஒருவர் கீழ் ஒருவராக நின்று கைமாற்றிக் கீழே இறக்குகிறார்கள். ஒரு பழம் தரையில் விழவில்லை. தெக்லத் நூர் என்ற வகை. நூர் என்றால் ஒளி. வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கச் சொன்னார் தோப்புக்காரப் பெரியவர். தேன் நிறத்துக்குள் கொட்டை நிழலாகத் தெரிந்தது. கிலோ 8 தினார் என்று தெருவில் விற்பதை இங்கே சட்டைப் பைக்குள் திணித்தார்கள்.

பெரியவருக்கு எழுபத்தைந்து இருக்கும். அவர் அப்பா கம்மாஸாக இருந்தவர். கம்ஸா என்றால் ஐந்து. விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு கூலியாக வாங்கி அடுத்தவர் தோப்பில் உழைப்பவர் கம்மாஸ். "நம்ம வாரக்குத்தகை எவ்வளவோ தேவலை" என்று முனகினார் அத்தான். அப்புறம் அவர் கேட்டார், தம்பி வழியாக: "தண்ணி எப்படிப் பங்கு வைப்பீங்க?"

அந்தக் கேள்விக்கு மூன்று மணி நேரம் பதில் வந்தது.

13ஆம் நூற்றாண்டில் இப்னு ஷப்பாத் என்ற இந்த ஊர் அறிஞர் ஒரு முறை வகுத்தார். ஊற்றிலிருந்து வரும் ஓடையைப் பேரீச்சந்தடிகளில் அளவாக வெட்டிய வாய்கள் வழியே கிளை கிளையாகப் பிரிப்பது. ஒவ்வொரு தோப்புக்கும் இத்தனை காதூஸ் தண்ணீர் என்று உரிமை. காதூஸ் என்றால் அடியில் துளையிட்ட பானை. நிரப்பித் தொங்கவிட்டால் அது வடிந்து முடிகிற நேரம் ஒரு காதூஸ். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அந்தக் கணக்கில்தான். நமக்கு நாழிகை வட்டில், சங்க காலத்துக் குறுநீர்க் கன்னல். அத்தானுக்கு உட்கார முடியவில்லை. தண்ணீர் பாட்டிலின் அடியில் ஊக்கால் ஒரு துளை போட்டார், மாதுளைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டார், செல்பேசியில் நேரம் பார்த்தார். பெரியவர் தலையை ஆட்டினார். துளை பெரிசு. இன்னொரு பாட்டில். அதுவும் பெரிசு. மூன்றாவது பாட்டிலுக்குப் பெரியவரே ஊக்கை வாங்கிக்கொண்டார். அரபும் தமிழும் மாறி மாறிப் பேசினார்கள், இருவருக்கும் புரிந்தது. நம் ஊரில் வயலுக்குத் தண்ணீர் திருப்பும் நீர்க்கட்டிக்கு நெல்லில் என்ன கூலி என்று அத்தான் மண்ணில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தார்.

"இப்போ அந்த ஊற்று எங்கே?" என்றேன் நான்.

பெரியவர் எழுந்து கூட்டிப்போனார். பாறை இடுக்கு, பழைய வாய்க்கால், பிளாஸ்டிக் பைகள். ஈரமே இல்லை. முன்னே இருநூறு ஊற்று என்பார்கள், 1990கள் வாக்கில் எல்லாம் அடங்கிவிட்டன. இப்போது ஆழ்துளைக் கிணறும் பம்பும். இந்தப் பக்கத்துச் சில கிணறுகளில் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வருகிறதாம், கோபுரம் கட்டி ஆறவைத்துத்தான் பாய்ச்ச முடியும். அத்தான் ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியில், "எத்தனை அடி போட்டிருக்கான்னு கேட்க மறந்துட்டேன்" என்றார். மறக்கிற ஆள் இல்லை அவர்.

நவம்பர் 24, வெள்ளி. ஷெபிகா, தமெர்சா, மிதெஸ்

காலையில் சாலையோரம் ஒருவர் பழைய பாட்டில்களில் லக்மி விற்றார். பேரீச்சையின் பதநீர். சீசன் முடிகிற நேரம், கிடைத்ததே அதிர்ஷ்டம் என்றான் தம்பி. ஒரு வாய் குடித்ததும் அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். "உடன்குடி!" இனிப்பு கொஞ்சம் தூக்கல், பனையின் அந்த மண் மணம் மட்டும் இல்லை. நம் ஊர் மாதிரி பாளையைச் சீவுவதில்லை, மரத்தின் தலையையே திறந்து எடுக்கிறார்கள். மரம் தேறி வர வருஷங்கள் ஆகும், சிலது தேறுவதும் இல்லை. கலயத்தில் சுண்ணாம்பு தடவும் வழக்கமும் இல்லை. பாட்டிலை மூடிக் காரில் வைத்திருந்தோம். பதினொரு மணிக்கு மூடி தானாகப் பறந்தது. அத்தானின் வெள்ளைச் சட்டை முழுக்கக் கள்.

மலைச் சோலைகள் மூன்றும் அல்ஜீரிய எல்லையை ஒட்டி. ஷெபிகாவில் ரோமர் காலத்துக் காவல் நிலை ஒன்று இருந்ததாம். பாறைக்குள் நடந்தால் ஒரு குட்டி அருவி, பச்சை நிறத்தில் குட்டிக் குளம். பிரெஞ்சுச் சுற்றுலாக் கூட்டம் வாய் பிளந்து நின்றது. அத்தான் குற்றாலத்துக்காரர் பார்வையில் பார்த்தார். "குளிக்க முடியாது போலிருக்கே." ஆனால் கையை நீட்டி அதன் கீழே வெகுநேரம் வைத்திருந்தார்.

மூன்று ஊரும் இடிந்து கிடக்கின்றன. 1969இல் 22 நாள் விடாமல் மழை. மண் வீடுகள் கரைந்து போயின, மக்கள் மேலே புது ஊர் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பங்கிட்ட நாட்டில் ஊர்கள் காலியானது தண்ணீரால். தமெர்சாவில் கூரையில்லாத ஒரு வீட்டில் அடுப்புக் கரி இன்னும் சுவரில் இருந்தது.

மதியம் தம்பி தொழுகைக்குப் போனான். சாப்பாட்டுக் கடைகள் மூடிக் கிடந்தன. ஒரு வீட்டம்மா எங்களைப் பார்த்துவிட்டு முத்தப்கா கொண்டுவந்து தந்தார், வெங்காயமும் மிளகாயும் உள்ளே வைத்துச் சுட்ட ரொட்டி. இரண்டு கடி கடித்தபிறகுதான் அதில் ஆட்டுக் கொழுப்பு உண்டு என்பது எனக்கு நினைவு வந்தது. அத்தான் ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை. இதைப் படித்தால் மன்னிக்கவும்.

நவம்பர் 25, சனி. ஷொத் எல் ஜெரித், தூஸ்

ஷொத் எல் ஜெரித் என்பது உப்பு ஏரி, ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர், நடுவே கோடு கிழித்த மாதிரி ஒரு சாலை. இரண்டு பக்கமும் வெள்ளை. ஓரப் பள்ளங்களில் மிஞ்சிய தண்ணீர் ரோஜா நிறத்தில். தூரத்தில் ஒரு கப்பல் வந்தது. பக்கத்தில் போனால் பழைய பஸ்ஸின் கூடு.

அத்தான் இறங்கி உப்பின் மேல் நடந்தார். பத்தடி கெட்டியாக இருந்தது. பதினோராவது அடியில் மேலோடு உடைந்து கணுக்கால் வரை கருஞ்சேறு. காலை இழுத்தார், கால் வந்தது, செருப்பு வரவில்லை. தம்பி தேநீர்க் கடையிலிருந்து கம்பி வாங்கி வந்து துழாவினான். கடைக்காரரும் வந்து துழாவினார். போகிற லாரியை நிறுத்தி ஓட்டுநர் ஒருவரும் இறங்கி யோசனை சொன்னார். கால் மணி நேரம் நான்கு பேர், ஒரு செருப்புக்கு. கிடைக்கவில்லை. ஒற்றைச் செருப்போடு நூறு கிலோமீட்டர் வந்தார் அத்தான்.

வழியில் ஜெம்னா என்ற ஊர். 2011 புரட்சியின்போது இந்த ஊர்க்காரர்கள் அரசு குத்தகைக்கு விட்டிருந்த பேரீச்சைத் தோப்பைத் தாங்களே எடுத்து நடத்தி, வந்த காசில் பள்ளிக்கூட வகுப்பறை, ஆம்புலன்ஸ், பேரீச்சைச் சந்தைக்குக் கூரை என்று செய்துகொண்டார்கள். தம்பி இதைச் சொல்லும்போது காரின் வேகத்தைக் குறைத்துக்கொண்டான்.

தூஸில் வியாழக்கிழமைச் சந்தை பிரசித்தம். நாங்கள் போனது சனி. தோல் செருப்பு 35 தினார் சொன்னார்கள், 25க்கு வந்தது, அத்தான் ஒற்றைக் காலைத் தூக்கிக் காட்டியதில் 20 ஆனது. மணல்மேட்டின் மேல் ஒட்டகச் சவாரி ஒரு மணி நேரம். இறங்கியபின் இரண்டு மணி நேரம் நிற்கத்தான் முடிந்தது. இரவு கூடாரத்தில் படுக்கை. பகல் முழுக்க வேர்த்த ஊரா இது என்று சந்தேகம் வரும் அளவுக்குக் குளிர். மூன்று கம்பளி போர்த்தியும் எனக்குப் பல் அடித்தது. குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து அத்தான் நிம்மதியாகக் குறட்டை விட்டார். அதைப் பெட்டியில் வைக்கும்போது சிரித்தது நான்தான்.

நவம்பர் 26, ஞாயிறு. மத்மாதா

மத்மாதாவில் வீடுகள் தரைக்குக் கீழே. மேலே நடந்துகொண்டே இருப்பீர்கள், திடீரென்று காலடியில் வட்டக் கிணறு மாதிரி ஒரு பள்ளம். எட்டிப் பார்த்தால் அது ஒரு முற்றம். கோழி மேய்கிறது, துணி காய்கிறது. முற்றத்துச் சுவரைக் குடைந்து அறைகள், நெல்குதிர் போலத் தானிய அறைகள். வெயிலும் குளிரும் உள்ளே எட்டாது. விண்வெளிப் படம் ஒன்றை இங்கே எடுத்ததால் அதைப் பார்க்க வரும் கூட்டம் ஒரு பக்கம்.

வழியில் மலை இடுக்குகளிலெல்லாம் மண்ணும் கல்லுமாகச் சின்னச் சின்ன அணைகள். ஜெசூர் என்கிறார்கள். மழை எப்போதாவது அடித்துக்கொண்டு வரும்போது மண்ணையும் நீரையும் பிடித்து வைக்கும். அணைக்குப் பின்னால் நான்கு ஆலிவ், ஓர் அத்தி. ஓரத்தில் கலிங்கு மாதிரி வழிந்தோட வாய். நிறைந்தால் கீழே அடுத்தவன் அணைக்கு. காரை எட்டு முறை நிறுத்தச் சொன்னார் அத்தான். நோட்டில் பக்கம் தீர்ந்து ஓட்டல் ரசீதின் பின்னால் படம் வரைந்தார்.

நாங்கள் தங்கியது ஒரு பாட்டியின் குழி வீட்டில். கதவில் நீல நிறத்தில் மீனும் ஐந்து விரல் கையும். குஸ்குஸ், பூசணி, கொண்டைக்கடலை. "ப்லா தோன்" என்று அத்தான் வாய் திறக்கும் முன்பே "மா ஃபம்மாஷ் தோன்", அதாவது சூரை கிடையாது, என்று சிரித்தார் பாட்டி. தம்பி முன்கூட்டியே சொல்லியிருக்கிறான்.

சாப்பிட்டு முடித்ததும் அத்தான் செல்பேசியைப் பார்த்தார். அக்கா படம் அனுப்பியிருந்தாள். வாசல் முழுக்க அகல். இன்றைக்குக் கார்த்திகை. நாங்கள் இருவருமே மறந்திருந்தோம்.

"தம்பி, ஒரு விளக்கு கிடைக்குமா?" என்றார். தம்பிக்குப் புரியவில்லை. நான் பிரெஞ்சில் தெரிந்த நான்கு வார்த்தையை வைத்துச் சொன்னேன். பாட்டி தேநீர்த் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து சொந்த ஆலிவ் எண்ணெயை ஊற்றினார். அத்தான் தன் வேட்டி ஓரத்திலிருந்து நூல் உருவித் திரித்தார். முற்றத்தில் வைத்தால் காற்று. மூன்று முறை அணைந்தது. பாட்டி தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு போய், அறைச் சுவரில் குடைந்திருந்த மாடக்குழியில் வைத்தார். அங்கே நின்று எரிந்தது.

எதற்கு என்று பாட்டி கேட்டார். தம்பி அரபில் ஏதோ விளக்கினான், வெகுநேரம். அவனுக்கு நான் சொன்னது இரண்டு வரிதான். பாட்டி எழுந்து உள்ளே போனார், இன்னொரு தட்டும் எண்ணெயுமாகத் திரும்பி வந்தார், வேட்டி நூலுக்காக அத்தானிடம் கையை நீட்டினார்.